பின்பனியில் இரு பயணங்கள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் பனிக்கு மட்டும் இரண்டு பங்கு ஒதுக்கினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பாலைத்திணைக்கு உரிய காலமாக வேனிலை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பின்பனியும் அதற்கு உரியதே என்று சேர்த்துக்கொள்கிறது தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. வீட்டை விட்டு வழியில் இறங்கியவனின் திணை அது. குளிர் முற்றிலும் விலகாத, வெயில் முழுதாக வந்துசேராத அந்த இடைநாட்களுக்கும் வழிநடைக்கும் ஏதோ உறவிருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வெகுதொலைவில், வேறொரு தட்பவெப்பத்தில், இதே பங்குனி நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய இருவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நமக்கு இந்தப் 'பின்பனி' என்ற சொல்லே நினைவுக்கு வருகிறது. ஒருவர் 1913-இல் கிளம்பியவர். மற்றவர் 1919-இல். நடுவில் ஒரு போர்.

1913, மார்ச் 21, பெரிய வெள்ளி. அந்த ஆண்டு ஈஸ்டர் மிக முன்னதாகவே வந்துவிட்டது. இங்கிலாந்தில் குளிர் இன்னும் விடைபெறவில்லை. தென் லண்டனிலிருந்து எட்வர்ட் தாமஸ் மேற்கு நோக்கித் தன் சைக்கிளைக் கிளப்பினார். போய்ச்சேர வேண்டிய இடம் சாமர்செட்டின் குவான்டாக் குன்றுகள். கோல்ரிட்ஜ் வாழ்ந்த நெதர் ஸ்டோவி அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. பயணத்தின் நோக்கம் வேடிக்கையானது: வசந்தத்தைத் தேடிப் போவது. அது தானாக வரும்வரை காத்திராமல், வந்துகொண்டிருக்கும் திசையில் எதிர்கொண்டு சென்று சந்திப்பது.

தாமஸுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பதிப்பாளர்கள் கேட்டதையெல்லாம் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். மதிப்புரை, வாழ்க்கை வரலாறு, ஊர்ப்புறம் குறித்த நூல் என்று ஓயாத கூலியெழுத்து, அதோடு மனச்சோர்வு. இந்தப் பயணமும் ஒரு புத்தகத்துக்கான பயணம்தான். அடுத்த ஆண்டு 'இன் பர்சூட் ஆஃப் ஸ்பிரிங்' என்ற பெயரில் அது வெளிவந்தது.

புத்தகத்தின் தொடக்கம் மழை. முதல் நாளே நனைந்து, ஒதுங்கி, மீண்டும் கிளம்பி, மீண்டும் ஒதுங்குகிறார். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு பறவைக்கடை. அங்கே ஒருவர் கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுகிறார். பின்னர் வழிநெடுக அதே ஆள் தென்பட்டுக்கொண்டேயிருக்கிறார். அவரும் சைக்கிளில்தான் போகிறார். கோபுர உச்சிகளில் காற்றின் திசைக்குத் திரும்பும் உலோகச் சேவல்களின் மீது அவருக்கு ஒரு பித்து. 'மற்றவர்' என்று மட்டுமே தாமஸ் அவரைக் குறிப்பிடுகிறார். வாசித்துக்கொண்டு போகும்போது, இது தாமஸின் நிழல்தானே என்ற ஐயம் நமக்கு எழுந்து உறுதிப்பட்டுவிடுகிறது. தனியாகச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. பத்து மைல் கடந்ததும் மனம் இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும்.

அவர் சென்ற சாலைகளின் கதையைச் சற்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்து குதிரை வண்டிப் பயணத்தை அழித்தபோது, இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகள் ஏறக்குறைய ஆளரவமற்றுப் போயின. வழியோரச் சத்திரங்கள் பாழடைந்தன. அந்தச் சாலைகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள். 1878-இல் ஹாரோகேட்டில் தொடங்கப்பட்ட சங்கம், 1883-இல் 'சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தங்குவதற்குத் தக்க விடுதிகளைத் தேர்ந்து, சிறகு முளைத்த சக்கரம் பொறித்த தன் சின்னத்தை அவற்றின் சுவரில் பதித்தது. செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டது. உயரச் சக்கர வண்டியில் இறக்கம் என்பது உயிர் போகும் காரியம். 1885-இல் கவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வந்து இரு சக்கரங்களையும் ஒரே அளவாக்கியது. 1888-இல் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பிறகு குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில் ஊருக்கு வெளியே போக முடிந்தது. ஒரு துணிக்கடைச் சிப்பந்தியின் சைக்கிள் விடுமுறையை வைத்தே எச்.ஜி. வெல்ஸ் 1896-இல் ஒரு நாவல் எழுதினார் என்றால் அதன் தாக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

(நம் ஊரில் சைக்கிளுக்கு நேர்ந்தது வேறு. பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், 1949-இல் தொடங்கப்பட்ட ஒரு கூட்டு நிறுவனத்தின் வழியாக அம்பத்தூருக்கு வந்தது. அது சுமந்ததெல்லாம் பால் கேன், தண்ணீர்க் குடம், முன்கம்பியில் குழந்தை, பின்னால் மனைவி. சும்மா சுற்றுவதற்கென்று ஒரு சைக்கிள் என்பதை நம் தந்தையர் தலைமுறை ஊதாரித்தனம் என்றே கொண்டிருக்கும்.)

ஆனால் இந்த உலாவெல்லாம் கோடையோடு சரி. அன்றைய சாலை என்பது உடைத்த கல்லைப் பரப்பி, கல்தூளும் நீரும் விட்டு இறுக்கியது. வெயிலில் வெண்புழுதி, மழையில் சேறு. உறைபனி உள்ளிறங்கி மேற்பரப்பைத் தூக்கிவிடும். பனி உருகும் நாட்களில் சாலை குழைந்துபோகும். பழுதுபார்ப்பதும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். உதிரிக் கல்லைக் கொட்டிவிட்டு, வண்டிச் சக்கரங்களே அதை அழுத்திச் சமன் செய்யட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆக, இலையுதிர்காலம் முடிந்ததும் சைக்கிளுக்கு எண்ணெய் பூசி ஏறக்கட்டிவிட்டு, ஈஸ்டருக்கு வெளியே எடுப்பது பலருக்கும் வழக்கமாக இருந்தது.

இதைத் திருத்தச் சைக்கிள்காரர்கள் 1886-லேயே சாலைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அச்சங்கத்தின் செயலாளராக உழைத்த வில்லியம் ரீஸ் ஜெஃப்ரிஸ் சைக்கிள் இயக்கத்திலிருந்து வந்தவர். 1910-இல் அரசு அமைத்த சாலை வாரியத்துக்கும் அவரே செயலாளரானார். வாரியத்தின் பணம் மோட்டார் வாகன வரியிலிருந்தும் பெட்ரோல் வரியிலிருந்தும் வந்தது. தார் பூசிய, சேறில்லாத, குளிர்காலத்திலும் மிதிக்கத்தக்க சாலை இறுதியில் கிடைத்தது. கூடவே அந்தச் சாலையின் முழு உரிமையும் தமக்கே என்று எண்ணும் கார்களும் வந்துசேர்ந்தன. கேட்ட வரத்தைக் கொடுத்துவிட்டு, அதை அனுபவிக்கும் இடத்தை மட்டும் பிடுங்கிக்கொண்ட தெய்வத்தின் கதை போலிருக்கிறது.

தாமஸின் பயணம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த ஒரு சிறு இடைவெளியில் நிகழ்ந்தது. அவர் ஒரு கேமராவும் எடுத்துச் சென்றிருந்தார். அந்தப் புகைப்படங்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 2016-இல் வந்த மறுபதிப்பில்தான் நூலோடு சேர்ந்தன. புகைப்படக் கலை என்று பார்த்தால் அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பார்த்ததும் மனம் நின்றுவிடுகிறது. இலையற்ற மரங்கள், வேலிகள், வளைந்து மறையும் சாலை. சாலையில் யாருமே இல்லை.

கில்ட்ஃபர்ட் வழியாகச் சால்ஸ்பரி. அங்கிருந்து, 1897 முதலே ராணுவம் பயிற்சிக்காக வாங்கத் தொடங்கியிருந்த சமவெளியினூடே பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன். பின் பிரிட்ஜ்வாட்டர், குவான்டாக். எதிர்க்காற்று, தூறல், திடீரென்று ஒரு மணிநேர வெயில், மறுபடி குளிர். வசந்தம் ஓரிடத்தில் தொடங்குவதில்லை. ஒரு பறவைக் குரலாக, வேலியில் ஒரு பசுமையாகத் தோன்றிவிட்டுப் பின்வாங்குகிறது. அது உறுதியாக வந்துவிட்டது என்பதற்கான சான்று அவருக்குக் கடைசியில் குன்றின் மேல் கிடைக்கிறது: யாரோ பறித்து வழியில் போட்டுவிட்டுப் போன சில காட்டுப் பூக்கள். குளிர்காலம் புதைக்கப்பட்ட இடத்தைக் கண்டுவிட்டதாக அவர் முடிக்கிறார்.

இந்த நூலை வாசித்த ஒரு நண்பர், இதிலுள்ள சில பத்திகள் ஏற்கனவே கவிதைதான், அதே நடையை வரிகளாக மடக்கி எழுது என்றார். அந்த நண்பர் ராபர்ட் ஃப்ராஸ்ட். 1914 டிசம்பரில், அதாவது போர் தொடங்கி நான்கு மாதம் கழித்து, தாமஸ் தன் முதல் முதிர்ந்த கவிதையை எழுதினார். 1915 ஜூலையில் படையில் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள். அச்சேறிய சிலவற்றுக்கும் எட்வர்ட் ஈஸ்ட்அவே என்ற புனைபெயர். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், அராஸ் போரின் முதல் நாள். பிரெஞ்சு மண்ணில் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பிய சைக்கிள் பயணத்துக்கும், ஈஸ்டருக்கு மறுநாள் நேர்ந்த இந்த முடிவுக்கும் நடுவே நான்கு ஆண்டுகள்.

இரண்டாமவரும் புனைபெயர்க்காரர்தான். வால்டர் மக்கிரெகர் ராபின்சன் என்ற இயற்பெயரை இன்று சொன்னால் பலருக்குத் தெரியாது. 'வேஃபேரர்' என்றால் பழைய சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். வழிப்போக்கன் என்று பொருள். 1877-இல் பிறந்தவர், தாமஸைவிட ஒரு வயது மூத்தவர். லிவர்பூல் வட்டாரத்தின் ஆன்ஃபீல்ட் பைசிக்கிள் கிளப்பின் உறுப்பினர்.

1919 மார்ச் இறுதியில் அவர் நண்பர்களுடன் வடகிழக்கு வேல்ஸின் பெர்வின் மலைத்தொடரைக் கடந்தார். அடிவாரத்துச் சமவெளியில் டெல்ஃபர்ட் அமைத்த ஹோலிஹெட் நெடுஞ்சாலை இருக்கிறது. குதிரைகள் மூச்சிரைக்காமல் ஏறும்படிச் சரிவைக் கணக்கிட்டுப் போட்ட அருமையான சாலை. அதை விட்டுவிட்டு, கால்நடைகள் சென்ற மலைப்பாதையை அவர்கள் தேர்ந்தார்கள். கணவாய் ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி பெய்து பாதையே மறைந்திருந்தது. மிதித்த நேரத்தைவிடத் தள்ளியதும் தூக்கியதுமே மிகுதி. மே மாதம் 'சைக்ளிங்' இதழில் வெளியான கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு 'ஓவர் த டாப்'. அகழியிலிருந்து மேலேறி எதிரியின் குண்டுமழைக்குள் பாய்வதைக் குறிக்கப் போர்வீரர்கள் ஆண்ட சொல் அது. சண்டை ஓய்ந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் படித்த யாருக்கும் அந்தச் சொல் வெறும் மலையேற்றத்தைக் குறித்திருக்க முடியாது. 1914-இல் உருவான ராணுவச் சைக்கிள் படையும் அதே 1919-இல்தான் கலைக்கப்பட்டது.

தலைப்பில் நையாண்டி உண்டா, துக்கம் உண்டா என்று நம்மால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் இருக்கலாம். ஏறினால் திரும்பமுடியாத மேட்டுக்கு வைத்திருந்த பெயரை, ஏறிவிட்டுக் கீழே இறங்கித் தேநீர் அருந்தக்கூடிய ஒரு மேட்டுக்கு மாற்றிச் சூட்டியிருக்கிறார். எப்போதும் இருக்கையிலேயே அமர்ந்து, எப்போதும் இறுகிய சாலையிலேயே போவோம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் சைக்கிள் தரும் இன்பத்தின் சிறந்த பகுதியை இழக்கிறார்கள் என்பது அவர் வாதம். படவிளக்குச் சொற்பொழிவுகளுக்கு அரங்குகள் நிரம்பின. மெரிடன் என்ற சிற்றூரில் போரில் மாண்ட சைக்கிள்காரர்களுக்கு 1921 மே 21-இல் நினைவுத் தூண் திறக்கப்பட்டது. அந்தத் தலைமுறைதான் அவருடைய அவையோர்.

கார்களுக்கு அஞ்சி மலைக்கு ஓடியவர் என்று வேஃபேரரைக் குறைசொல்வோர் உண்டு. முழுதும் தவறென்று சொல்லமாட்டோம். 1934-இல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் மேற்கில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை திறந்தபோது, இது சாலையிலிருந்து நம்மை வெளியேற்றும் சூழ்ச்சி என்று சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் எதிர்த்தது. சாலையை விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற அந்த வீம்பும், சாலையே வேண்டாம் என்று பனிக்குள் போன வேஃபேரரின் போக்கும் ஒரே இழப்பிலிருந்து பிறந்த இரண்டு விடைகள். இதழ்களில் ஃபிராங்க் பேட்டர்சன் வரைந்த கோட்டோவியங்கள் மூன்றாவது விடை: ஒரு சத்திரம், வளைவு, மரம், சுவரில் சாய்த்த சைக்கிள். கார் அநேகமாக இருக்காது. பேட்டர்சனுக்கு நடுவயதிலேயே கால் கெட்டு சைக்கிள் விட்டுப்போயிற்று. பின்னர் பல்லாண்டுகள் சஸெக்ஸில் தன் பண்ணைவீட்டில் அமர்ந்து, பெரும்பாலும் புகைப்படங்களைப் பார்த்தே வரைந்தார்.

1955-இல், கரடுமுரடான பாதைகளை மட்டுமே விரும்பிய சிலர் லெம்ஸ்டர் ஊரில் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வேஃபேரர் 1956-இல் இறந்தார். மறு ஆண்டு பெர்வின் கணவாயில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கல்லில் இருப்பது புனைபெயர். வேல்ஸை நேசித்தவர் என்ற குறிப்பு. பக்கத்தில் ஓர் உலோகப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம். ஏறி வருபவர்கள் பெட்டியைத் திறந்து, பெயரையும் தேதியையும் எழுதி, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, பனி இருந்ததா என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, மூடிவைத்து இறங்குகிறார்கள்.