அந்த 38 நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

2018 ஜனவரி 13ஆம் திகதி, சனிக்கிழமை. பாரிசில் இரவு 7 மணி 7 நிமிடம். சனி இரவு என்றால் குசினியில் மூச்சு விட நேரம் கிடையாது. அடுத்தநாள் தைப்பொங்கல். வேலை முடிய லா சப்பலில் கடை பூட்டிவிடுவார்களே, பச்சையரிசிக்கு என்ன செய்வது என்று யோசித்தபடி கோப்பை கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

அதே நிமிடம் ஹவாயில் காலை 8:07. அங்கே இருந்த கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரேயடியாய் அலறின. ஹவாயை நோக்கி ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது ஒத்திகை அல்ல. ரீவியிலும் வானொலியிலும் அதே செய்தி.

14 லட்சம் சனம் வாழுகிற மாநிலம் அது. சிலர் குளியலறைக்குள் பிள்ளைகளோடு படுத்தார்கள். தெருவில் மூடியைத் தூக்கி, வெள்ள வாய்க்காலுக்குள் பிள்ளைகளை இறக்குகிற வீடியோ ஒன்றைப் பிறகு உலகமே பார்த்தது.

எங்கட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொம்மர் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் பாய்ந்த சனம் நாங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பொம்மர் போய்விட்டது என்பதை எங்களுக்குக் காதே சொல்லிவிடும். ஹவாய்ச் சனத்துக்கோ, ஒன்றும் வரவில்லை, வெளியில் வாருங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தச் செய்தி தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது காலை 8:45க்கு. 38 நிமிடம்.

அந்தச் சனம் ஏன் நம்பியது என்று கேட்கலாம். 2017 நவம்பர் கடைசியில் வடகொரியா ஹுவாசோங்-15 என்ற நீண்டதூர ஏவுகணையை ஏவிப் பார்த்தது. டிசம்பர் 1ஆம் திகதி ஹவாயில் அணுத்தாக்குதலுக்கான சைரனை ஒத்திகையாய் ஒலிக்க வைத்தார்கள். பனிப்போர் காலத்துக்குப் பிறகு அதுதான் முதல்தடவை. ஏவினால் 20 நிமிடமளவில் வந்து விழும் என்று அதிகாரிகளே சனத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 8:27க்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 18 நிமிடம் அந்தச் சனத்தின் தொலைபேசியில் மறுப்பு வரவில்லை.

முதலில் வந்த விளக்கம் என்ன தெரியுமா? வேலைமாற்ற நேரத்தில் ஒருவர் பிழையான பொத்தானை அமர்த்திவிட்டார். அவ்வளவுதான். நானும் சிரித்தேன். எங்கட குசினியில் ஒரு கிழமைக்கு அதுதான் பகிடி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சக் காலம் வரலாறு படித்தேன் (முடிக்கவில்லை, அது வேறு கதை). அங்கே ஒரு விரிவுரையாளர் சொல்லுவார்: "தம்பி, சம்பவம் நடந்த அண்டைக்கு வந்த பேப்பரை வாசிச்சிட்டு நிண்டிடாதை. பிறகு வாற அறிக்கையைத் தேடு." ஜனவரி 30ஆம் திகதி இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று ஹவாய் அரசின் விசாரணை, மற்றது அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவின் ஆரம்ப அறிக்கை. கை தவறிய கதை அத்தோடு போய்விட்டது.

உண்மையில் நடந்தது இது. டயமண்ட் ஹெட் எரிமலை வாய்க்குள் ஹவாய் அவசரநிலை முகாமைத்துவ முகவரகத்தின் நிலவறை இருக்கிறது. இரவு வேலை முடிந்து போகிற மேற்பார்வையாளர், பகல் வேலைக்கு வந்தவர்களுக்கு முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு ஒத்திகை வைத்தார். படைத் தலைமையகத்திலிருந்து அழைப்பு வருவது போல ஒரு ஒலிப்பதிவைத் தொலைபேசியில் போட்டார். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் "ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை" என்று இருந்தது. ஆனால் நடுவில் "இது ஒத்திகை அல்ல" என்ற வசனமும் இருந்தது! முகவரகத்தின் சொந்த ஒத்திகை எழுத்துப்படியில்கூட அந்த வசனம் இல்லை. பகல் மேற்பார்வையாளரோ, இந்த ஒத்திகை வீட்டுக்குப் போகிற இரவு ஆட்களுக்கு என்று விளங்கிக்கொண்டார். ஆகவே பகல் ஆட்களுக்கு மேலே பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

மூன்று பேர் அந்த அழைப்பைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஒத்திகை என்று விளங்கிவிட்டது. மூன்றாமவருக்கு "ஒத்திகை அல்ல" என்பது கேட்டது, "ஒத்திகை" என்பது கேட்கவில்லை. அவர் கணினியில் உண்மையான அறிவிப்பைத் தெரிவு செய்தார். நிச்சயமாக அனுப்பவா என்று கணினி கேட்டது. ஆம் என்றார். கை தவறவில்லை. அவர் நம்பி அனுப்பினார். மாநிலம் முழுவதையும் அலறவைக்க ஒருவரின் ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது, இரண்டாவது ஆளின் ஒப்புதல் தேவைப்படவில்லை. ஒத்திகையும் உண்மையும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில்.

இனி அந்த 38 நிமிடத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

8:08க்கு அந்த அறையில் இருந்தவர்களின் தொலைபேசிகளே அலறின, அங்கேயே பிழை தெரிந்துவிட்டது. 8:09க்கு ஆளுநர் டேவிட் இகேக்குப் பொய் அறிவிப்பு என்று தகவல் போய்விட்டது. 8:12க்கு அறிவிப்பை ரத்துச் செய்தார்கள். ஆனால் அந்த ரத்து, செய்தி மேலும் பரவாமல் நிறுத்துமே தவிர, ஏற்கனவே வாசித்து நடுங்கிக்கொண்டிருக்கிறவருக்கு ஒன்றும் சொல்லாது. 8:19க்கு காங்கிரஸ் உறுப்பினர் துளசி கபார்ட் ருவிற்றரில் இது பொய் அறிவிப்பு என்று எழுதினார். முகவரகம் 8:20க்கு. ஆளுநர் 8:24க்கு. ஏன் இவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது, தன்னுடைய ருவிற்றர்க் கணக்குக்குள் போகிற விபரம் தெரியாமல் இருந்தது என்று அந்த மனிதரே ஒத்துக்கொண்டார். (மறைக்காமல் சொன்னதற்கு ஒரு மரியாதை கொடுக்கலாம்.)

அறைக்குள் என்ன நடந்தது? பொய் அறிவிப்புப் போனால் அதை மறுத்து அனுப்ப ஒரு தயாரான வசனம் கணினியில் இருக்கவில்லை. புதிதாய் எழுத வேண்டும். அதை அனுப்பத் தங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்ற சந்தேகம் வேறு. மத்திய அரசின் அவசரநிலை முகவரகத்துக்கு அழைப்பு எடுத்துக் கேட்டார்கள். அனுப்பியவரிடம் ரத்துச் செய்யச் சொன்னபோது அவர் உறைந்துபோய் இருந்தார் என்றும், வேறொருவர் அவரிடமிருந்து மவுசை வாங்கினார் என்றும் மாநில அறிக்கை சொல்கிறது.

ஜனவரி 26ஆம் திகதி, 13ஆம் நாள், அனுப்பியவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 30ஆம் திகதி முகவரகத் தலைவர் வேர்ன் மியாகி பதவி விலகினார். அவர் முதல்நாளே பொறுப்பு என்னுடையது என்று சொன்னவர். இன்னொரு உத்தியோகத்தர் நடவடிக்கைக்கு முன்னமே விலகிப் போனார், மற்றொருவரைச் சம்பளமில்லாமல் இடைநிறுத்த ஏற்பாடு நடந்தது. ஆளுநர் அதே வருடம் நவம்பரில் மறுபடியும் தெரிவானார்.

அனுப்பியவரை வேலையில் வைத்திருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒத்திகையையும் உண்மையையும் அவர் முன்பும் குறைந்தது இரண்டு தடவை குழப்பியிருக்கிறார், பத்து வருடத்துக்கு மேலாக அவரைப் பற்றிக் கூட வேலை செய்தவர்களுக்குக் கவலை இருந்திருக்கிறது. அப்படியென்றால் பத்து வருடமாய் அவரை அந்தக் கதிரையில் இருத்தி வைத்தது யார்? "இவரைப் பற்றி முன்பே தெரியும்" என்று எழுதுகிற மேலிடம், தன்னைப் பற்றித்தான் எழுதுகிறது. அவர் செய்தது ஒரு நிமிடப் பிழை. மிச்சம் 37 நிமிடமும் அலுவலகத்தின் பிழை.

முன்பு நான் வேலை செய்த ஒரு றெஸ்ரோறன்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பருப்பு வகை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்த ஒரு அம்மாவின் மேசைக்கு, அக்ரூட் போட்ட தட்டு போய்விட்டது. இரண்டு மேசைத் துண்டுகளும் ஒரே கொழுக்கியில் தொங்கியதால் வந்த வினை. செஃப் கண்டவுடன் கொண்டுபோன பெடியனைப் பிடித்து, யார் தந்தது, ஏன் பார்க்கவில்லை என்று கத்தத் தொடங்கினார். தட்டு இன்னும் அந்த அம்மாவுக்கு முன்னால்! கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒரு அண்ணை ஈர ஏப்ரனோடு ஓடிப்போய்த் தட்டைத் தூக்கினார். பெடியனுக்கு அந்தக் கிழமையோடு வேலை போனது. அண்ணைக்கு, ஈர ஏப்ரனோடு வாடிக்கையாளர் முன்னால் போனதற்கு ஏச்சு. கொழுக்கி நான் விலகும்வரை அப்படியே இருந்தது.

கொழுக்கி என்றவுடன் 1971 ஞாபகம் வருகிறது. பெப்ரவரி 20, அதுவும் ஒரு சனிக்கிழமை. கொலராடோவின் செயென் மலைக்குள் இருந்த தேசிய எச்சரிக்கை நிலையத்தில், கிழமைதோறும் அனுப்புகிற பரீட்சைச் செய்திக்குப் பதிலாக உண்மையான போர்க்கால அவசரச் செய்தியின் நாடாவை ஒரு உத்தியோகத்தர் போட்டுவிட்டார். அமெரிக்கா முழுக்க வானொலி, ரீவி நிலையங்களுக்குச் சரியான இரகசியச் சொல்லோடு செய்தி போனது. பரீட்சை நாடாவும் உண்மை நாடாக்களும் இயந்திரத்துக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் கொழுக்கிகளில் தொங்கின. முறையான ரத்துப் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடித்தது? சுமார் 40 நிமிடம். மறுப்புக்கான சரியான சொல்லைப் போடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மை நாடாக்களை உறையிலிட்டு அலுமாரிக்குள் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். பல நிலையங்கள் அந்தச் செய்தியைக் கவனிக்கவே இல்லை என்பதும் அன்று வெளியானது. 47 வருடம் கழித்து, கணினி வந்த பிறகும், அதே பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே 40 நிமிடம்.

ஹவாய்க்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 16இல், ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பும் வடகொரிய ஏவுகணை என்று பிழையாய் அறிவித்தது. 5 நிமிடத்தில் திருத்தி மன்னிப்புக் கேட்டார்கள். செய்ய முடிகிற வேலைதான்.

எங்கட சனம் நிறைந்த ஸ்காபரோவுக்குப் பக்கத்தில் பிக்கறிங் அணுமின் நிலையம் இருக்கிறது. 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை 7:23க்கு அங்கே சம்பவம் என்று ஒன்ராறியோ முழுக்கத் தொலைபேசிகள் அலறின. பயிற்சிப் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, வேலைமாற்ற நேரத்துப் பரீட்சையை உண்மைப் பக்கத்தில் ஓட்டிவிட்டார் ஒரு உத்தியோகத்தர். பிழை உடனே தெரிந்தது. தொலைபேசிகளுக்கு மறுப்பு வந்தது 9:11க்கு. 108 நிமிடம்! மறுப்பை அதே வழியில் அனுப்பலாமா என்ற குழப்பம்தான் நேரத்தைத் தின்றது. ஹவாய் அறிக்கைகள் வந்து இரண்டு வருடமாகியும். அடுத்த இரண்டு நாளில் அயடின் குளிசைக்கு விண்ணப்பித்தவர்கள் 32,000க்கு மேல்.

அனுப்பியவரை மட்டும் தூக்கினால், அடுத்த முறை அந்தக் கதிரையில் இருக்கிறவர் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு மேலிடத்தைப் பார்ப்பார். தாய்லாந்தின் வானிலைத் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய சிமித் தர்மசரோஜா, புக்கெற் பக்கம் சுனாமி வரலாம் என்று 1998இல் எச்சரித்தார். சுற்றுலாவைக் கெடுக்கிறார் என்று ஒதுக்கினார்கள். 2004க்குப் பிறகு அவரையே கூப்பிட்டு எச்சரிக்கை வேலையைக் கொடுத்தார்கள்.

அந்த 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்தை உடனே கண்டவர்களும் ஹவாயில்தான் இருந்தார்கள். ஒவாகு தீவின் ஈவா பீச்சில் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம். கால் மணித்தியாலத்தில் அறிக்கை எழுதினார்கள், பசுபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று. இந்து சமுத்திர நாடுகளில் யாருக்குச் சொல்வது என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கவில்லை. எங்கட கிழக்குக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. முல்லைத்தீவில் என்ர சின்னம்மா வீட்டில் நாலு பேர். இலங்கை முழுக்க 30,000க்கு மேல்.

2023 ஓகஸ்ட் 8இல் அதே ஹவாய் மாநிலத்தில், மாவுயி தீவின் லஹைனா நகரம் எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தீவில் மட்டும் 80 அளவில் சைரன்கள் இருந்தன, ஒன்றையும் ஒலிக்க வைக்கவில்லை. சைரன் கேட்டால் சனம் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், நெருப்புக்குள்ளேயே, ஓடியிருக்கும் என்றார் மாவுயி அவசரநிலை முகவரகத் தலைவர் ஹேர்மன் அண்டாயா. நெருப்பு நாளில் அவர் வேறு தீவில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இருந்தார். சொன்ன காரணத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சைரனை ஒலிக்க வைக்காததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அடுத்தநாள் பதவி விலகினார், உடல்நிலை காரணம் என்று.

இண்டைக்கு இவ்வளவும்தான். காலமை 9 மணிக்கு வேலை.