அமெரிக்கப் புகையிரத ஊழியரும் பாதுகாப்புரிமையும்

பயணிகள் புகையிரதம் உரிய நேரத்தில் நிலையத்தை வந்தடைவதை மக்கள் இயல்பான நிகழ்ச்சியாகவே கொள்வர். அந்த இயல்புக்குப் பின்னால் சாரதி, காப்பாளர், பெட்டிகளை இணைப்போர், தண்டவாளங்களைப் பேணுவோர் முதலிய பலரின் உழைப்பும், அவர்களை எந்நேரமும் சூழ்ந்துள்ள அபாயமும் மறைந்துள்ளன. அவ்வபாயத்தின் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்னும் வினாவே ஐக்கிய அமெரிக்கப் புகையிரத ஊழியரின் வரலாற்றை நூற்றெண்பது ஆண்டுகளாக ஊடறுத்துச் செல்கிறது.

இவ்வினாவுக்குச் சட்டம் அளித்த முதல் விடை ஊழியருக்குப் பாதகமானது. பாவெல் என்னும் எஞ்சின் சாரதி பொஸ்ரன் - வூஸ்ரர் புகையிரதக் கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் மாசச்சூசெற்ஸ் மாநில மீயுயர் நீதிமன்றம் 1842இல் தீர்ப்பளித்தது. பாதைமாற்றியைக் கவனித்த சக ஊழியரின் கவனயீனத்தால் எஞ்சின் தடம்புரண்டதில் பாவெல் தமது வலக்கையை இழந்திருந்தார். பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ, அபாயம் மிக்க தொழிலுக்குரிய கூடிய வேதனத்திலேயே அவ்வபாயத்துக்கான ஈடும் அடங்கியுள்ளதென்றும், சக ஊழியரின் தவறுக்குத் தொழில்கொள்வோர் பொறுப்பாளியல்லர் என்றும் முடிவுசெய்தார். ‘சக ஊழியர் விதி’ எனப் பெயர்பெற்ற இக்கோட்பாடு மற்றை மாநிலங்களிலும் பரவியது. இதன்படி, கையை இழந்தவர் அவ்விழப்புக்கான விலையை முன்னரே கூலியாகப் பெற்றுவிட்டவராகக் கருதப்பட்டார்.

இக்கோட்பாட்டின் விளைவு நீதிமன்றத்தோடு நின்றுவிடவில்லை. ஊழியரின் உடலுறுப்புக்குக் கம்பனி விலை கொடுக்க வேண்டியதில்லை என்றானபோது, பாதுகாப்பான பொறிகளை வாங்கவும் அதற்குத் தூண்டுதல் குறைந்தது. அக்காலத்தில் பெட்டிகள் வளையமும் ஊசியும் கொண்டு இணைக்கப்பட்டன. ஊழியர் ஒருவர், நகர்ந்து நெருங்கும் இரு பெட்டிகளுக்கிடையில் நின்று வளையத்தைக் கையாற் பொருத்த வேண்டியிருந்தது. பிறேக்கு இடுவோர் ஓடும் பெட்டிகளின் கூரைமீது மழையிலும் பனியிலும் நடந்து சென்று சக்கரங்களைத் திருப்பினர். ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் அமுக்கக் காற்றால் இயங்கும் பிறேக்கை 1869இலும், ஈலை ஜானி தானியங்கி இணைப்பியை 1873இலும் காப்புரிமை செய்திருந்தனர். ஆயினும் இருபது ஆண்டுகளாக இவை எல்லாப் பெட்டிகளையும் சென்றடையவில்லை. மருந்து இருந்தும் நோய் நீடித்தமைக்குக் காரணம் அறிவின் குறைவன்று. பொறுப்பு இன்மையே எனலாம்.

அந்நிலையில் ஊழியர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முற்பட்டனர். எஞ்சின் சாரதிகள் 1863இலும், காப்பாளர் 1868இலும், தீயிடுவோர் 1873இலும், பிறேக்கு இடுவோர் 1883இலும் சகோதரத்துவச் சங்கங்களை அமைத்தனர். காப்புறுதிக் கம்பனிகள் ஏற்கத் தயங்கிய இத்தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் இச்சங்கங்களின் பரஸ்பர உதவி நிதியே புகலாயிற்று. அயோவா மாநில விவசாயி லொரென்ஸோ கொஃபின் பாதுகாப்புப் பொறிகளைக் கட்டாயமாக்கும்படி பல்லாண்டுகள் பிரசாரம் செய்தார். ஓராண்டில் 2,000இற்கு மேற்பட்ட புகையிரத ஊழியர் மாண்டதையும், 20,000இற்கு மேற்பட்டோர் காயமுற்றதையும் ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் 1889இல் காங்கிரசுக்கு எடுத்துரைத்தார். 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சாதனச் சட்டம் தானியங்கி இணைப்பியையும் காற்றுப் பிறேக்கையும் கட்டாயமாக்கியது. கம்பனிகள் வேண்டிய காலநீடிப்பின் பின் 1900இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

பொறியை மாற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, பொறுப்பை மாற்றும் சட்டமும் வந்தது. 1907இல் தொடர்ச்சியான வேலைநேரம் 16 மணித்தியாலமாக வரையறுக்கப்பட்டது. 1906இல் இயற்றப்பட்ட தொழில்கொள்வோர் பொறுப்புச் சட்டத்தை மீயுயர் நீதிமன்றம் 1908இன் தொடக்கத்தில் செல்லுபடியற்றதாக்கியது. காங்கிரஸ் அதே ஆண்டில் அதனைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. சக ஊழியர் விதி இதனால் அகன்றது. ஊழியரிடத்துச் சிறிது கவனயீனம் இருந்தாலும் வழக்கு முற்றாகத் தள்ளுபடியாவதில்லை. அவரது தவறின் அளவுக்கு நட்டஈடு குறையும். கம்பனி பாதுகாப்புச் சட்டத்தை மீறியதால் விபத்து நேரின் அக்குறைப்பும் இல்லை. அபாயத்தை ஊழியர் அறிந்தே ஏற்றார் என்னும் எதிர்வாதத்தை 1939ஆம் ஆண்டுத் திருத்தம் ஒழித்தது. ஷோ வகுத்த கோட்பாடு முற்றாக நீங்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏனைய தொழில்களில் தவறு பாராது வழங்கும் நட்டஈட்டு முறை பரவிய பின்னரும், பயணிகள் சேவைகள் உட்படப் புகையிரத ஊழியருக்கு இச்சட்டமே இன்றும் பொருந்துகிறது.

சங்கங்களின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. கறுப்பின ஊழியரைப் பெரும்பாலான சகோதரத்துவச் சங்கங்கள் சேர்க்கவில்லை. சகோதரத்துவம் என்னும் பெயர் நிறத்தின் எல்லையோடு நின்றது. புல்மன் கம்பனியின் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர், ஏ. பிலிப் ரன்டோல்ஃப் தலைமையில் 1925இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1937இல் ஏற்பட்ட ஒப்பந்தம் மாதம் 400 மணித்தியாலம் வரை நீண்ட அவர்களது வேலையை 240 மணித்தியாலமாகக் குறைத்தது. உறக்கமற்ற உடலுக்குப் பாதுகாப்பில்லை ஆதலின் இதனையும் பாதுகாப்புரிமையாகவே கொள்ளல் வேண்டும். பேரம்பேசும் சங்கம் தான் பிரதிநிதித்துவப்படுத்தும் அனைவருக்கும் இனபேதமின்றி நீதியாக நடத்தல் வேண்டுமென 1944இல் ஸ்ரீல் வழக்கில் மீயுயர் நீதிமன்றம் தீர்த்தது.

1926ஆம் ஆண்டின் புகையிரதத் தொழிலுறவுச் சட்டம் கூட்டுப்பேரத்தை உறுதிசெய்தது. ஆனால், நீண்ட சமரச முயற்சிகளின் பின்னரே வேலைநிறுத்தத்துக்கு அது இடமளித்தது; அதன் பின்னும் காங்கிரஸ் தலையிடலாம். 2022 டிசெம்பரில் சரக்குப் புகையிரத ஊழியர் மீது ஒப்பந்தம் சட்டத்தால் விதிக்கப்பட்டபோது, சம்பளத்துடன் ஏழு நாள் நோய் விடுமுறை வழங்கும் பிரேரணை செனற் சபையில் வேண்டிய வாக்குகளைப் பெறவில்லை. வேலைநிறுத்தம் என்னும் ஆயுதம் இவ்வாறு கட்டுண்டிருப்பதால், அபாயத்தை அஞ்சாது எடுத்துரைக்கும் உரிமை சிறப்பு முக்கியத்துவம் பெறுகிறது. காயத்தை அறிவித்தவர் ஒழுக்காற்று விசாரணைக்கு உள்ளாவாராயின், அடுத்தவர் மௌனியாவார்; அறிவிக்கப்படாத அபாயம் திருத்தப்படுவதில்லை. 1970ஆம் ஆண்டின் புகையிரதப் பாதுகாப்புச் சட்டத்தில் 1980இல் பழிவாங்கலுக்கு எதிரான ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அம்முறைப்பாடுகளைத் தொழிற்றிணைக்களத்திடம் ஒப்படைத்து, மீள வேலைக்கமர்த்தல், இழந்த வேதனம், தண்டனைசார் நட்டஈடு ஆகிய பரிகாரங்களையும் வழங்கியது. காயமுற்றவருக்கு உடனடி வைத்தியம் கிடைப்பதைத் தடுத்தலும் 2008இல் தடைசெய்யப்பட்டது.

எனினும் சட்டப் புத்தகம் மட்டும் உயிரைக் காப்பதில்லை. 1971 முதல் நாடளாவிய பயணிகள் சேவையை நடத்தும் அம்ராக் நிறுவனத்தின் புகையிரதமொன்று 2016 ஏப்பிரல் 3ஆம் திகதி பென்சில்வேனியாவின் செஸ்ரரில் தண்டவாளத்தில் நின்ற அகழ்பொறியுடன் மோதியது. பராமரிப்பு ஊழியர் இருவர் மாண்டனர். இரவு மேற்பார்வையாளரிடமிருந்து பகல் மேற்பார்வையாளர் பணியேற்ற வேளையில் அப்பாதைக்கான பாதுகாப்பு தொடரப்படவில்லை. விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பற்ற நிலைமைகளைக் கண்டது. நிறுவனத்தின் பாதுகாப்பு முகாமைத்துவத்தையும் குறைகூறியது. ஒருவரின் மறதி உயிரைப் பறிக்குமாறு வேலை ஒழுங்கு அமைந்திருப்பின், தவறு அம்மறதியோடு முடிவதில்லை.

1842இல் நீதிமன்றம் ‘எந்த ஊழியர் தவறினார்’ என்று வினவியது. அதன்பின் வந்த தொழிற்சங்கங்களும் சட்டங்களும் ‘எந்த ஒழுங்கு அவரைத் தவறவிட்டது’ என்று வினவப் படிப்படியாகக் கற்பித்தன. முதல் வினா கம்பனிக்குச் செலவற்றது. இரண்டாவது வினாவுக்கு விடைகூறப் பணமும் வேண்டும், ஊழியரின் குரலுக்குச் செவிசாய்க்கும் மனமும் வேண்டும். அவ்வினாவை எழுப்புவோர் வேலையை இழக்காதிருக்கும் வரையிலேயே பயணிகளின் பயணமும் பாதுகாப்புடையதாகும்.