அடித்து எழுதிய சொல்

கட்டி முடிந்த வீட்டின் முன் நிற்கும்போது நாம் கொத்தனாரை நினைக்கின்றோம். வரைபடம் தந்த பொறியாளரைப் பாராட்டுகின்றோம். கல்லையும் கலவையையும் தலையில் சுமந்து மாடியேறிய சித்தாளை நினைப்பதில்லை. அந்தச் சித்தாள் பெரும்பாலும் பெண். கட்டடத் தொழிலில் பெண் என்றும் இருந்திருக்கிறாள்; எந்தப் படியில் நிறுத்தப்பட்டாள் என்பதே வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி. அதனுள் ஒரு பெண் மாணவியாக நுழைய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த லலிதா, 1940-இல் மின்பொறியியல் பயில அங்குச் சேர்ந்தார். அக்கல்லூரிப் பேராசிரியரான அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் மகளுக்காக வாதாட, முதல்வர் கே. சி. சாக்கோ இசைந்தார். திறந்த அக்கதவின் வழியே லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் சிவில் பொறியியல் பயில வந்தனர்.

லலிதாவுக்குப் பட்டம் வழங்கும் வேளை வந்தது. சான்றிதழில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பெண் ஒருத்தி பொறியாளராவாள் என்று அதுவரை எவரும் எண்ணவில்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

திருச்சூர்ப் பகுதியின் கத்தோலிக்க வேளாண் குடும்பத்தில் பிறந்த திரேசியா, கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் பணியைத் தொடங்கினார். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. பாலங்களும் சாலைகளும் அவர் பொறுப்பில் எழுந்தன.

இவ்வரலாறு நமக்குப் பெருமிதம் தருகிறது. ஆயினும் சாரத்தின் அடியில் நிற்பவளை அது இன்னும் எட்டவில்லை. சித்தாளாக வரும் இளைஞன், கொத்தனாரின் அருகிருந்து சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் கற்றுக் கொத்தனாராகிறான். அவனோடு சேர்ந்து வந்த பெண்ணோ முப்பது ஆண்டுகள் சுமந்த பின்பும் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்கிறாள். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வகை வேலைக்கு ஒரே கூலி என்றது. கொத்து வேலையே அவளுக்குத் தரப்படாதபோது அச்சட்டம் அவளுக்கு எப்படித் துணை நின்றிருக்கும்?

கல்லூரியில் இருந்த தடை தாளில் இருந்தது. ஆதலால் ஒரு பேனா அதை அடிக்க முடிந்தது. கட்டடக் களத்தில் உள்ள தடை எங்கும் எழுதப்படவில்லை. அது நம் வழக்கத்தில் இருக்கிறது. ‘பெண்ணுக்கு இது வராது’ என்று யோசியாமல் நாம் சொல்லும் சொல்லில் இருக்கிறது. அதை அடித்து எழுத வேண்டியவர் கல்லூரி முதல்வர் அல்லர். வீடு கட்டும் நாமே. அடுத்த முறை நம் ஊரில் ஒரு சுவர் எழும்போது, “கரண்டியை இவளுக்கும் கற்றுக் கொடுங்கள்” என்று கொத்தனாரிடம் கேட்க நமக்கு நா எழுமா?