முந்நூற்றுப் பதினைந்து: ஒரு மலிவு வேட்டைத் துப்பாக்கியின் குறி

தென் கொல்கத்தாவின் கரியாஹாட் இன்று புடவைக் கடைகளுக்கும் நடைபாதை வணிகத்திற்கும் பெயர்போன இடம். 'ஹாட்' என்ற வங்கச் சொல்லுக்கே சந்தை என்றுதான் பொருள். நூறாண்டுகளுக்கு முன்னர், இச்சந்தைக்கு நடை தூரத்தில் உள்ள பாலிகஞ்ச் ரயில் நிலையத்திற்கு வேறொரு முக்கியத்துவமும் இருந்தது. 1860களில் போடப்பட்ட இருப்புப்பாதை இவ்வழியே தெற்கு நோக்கி கேனிங் வரை சென்றது. கேனிங்கில் இறங்கிப் படகேறினால் சுந்தரவனம். 1912இல் பணியைத் தொடங்கிய கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், குளமும் குட்டையுமாகக் கிடந்த இப்பகுதியைத் திருத்திச் சாலைகள் அமைத்தபோது வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஜமீன் வாரிசுகளும் இங்கே வீடு கட்டிக் குடியேறினர். அவர்களுள் வேட்டைப் பழக்கம் உடையோரும் இருந்தனர்.

கரியாஹாட்டுக்கு அருகில் உள்ள ஆசுதோஷ் சௌதுரி அவென்யூ, நீதிபதி சர் ஆசுதோஷ் சௌதுரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய தம்பியருள் ஒருவர் எழுத்தாளர் பிரமத சௌதுரி. மற்றொருவர் மன்மதநாத் சௌதுரி. சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாகப் பணியாற்றியவர், நடிகை தேவிகா ராணியின் தந்தை. இன்னொரு தம்பியான பாரிஸ்டர் குமுதநாத் சௌதுரிதான் இக்கட்டுரைக்கு நெருக்கமானவர். 'ஸ்போர்ட் இன் ஜீல் அண்ட் ஜங்கிள்' என்ற வேட்டை நூலை 1918இல் வெளியிட்ட அவர், பின்னாளில் புலி தாக்கி உயிரிழந்தார். ராணுவத் தளபதி ஜெனரல் ஜெயந்தநாத் சௌதுரி இவர்களுடைய தம்பி மகன். அவர் பெயர் இக்கதையில் மீண்டும் வரும்.

குமுதநாத் போன்ற வசதி படைத்தோர் லண்டனிலிருந்து உயர்ந்த துப்பாக்கிகளை வரவழைத்துக்கொள்ள முடிந்தது. நடுத்தர வேட்டைக்காரருக்கும், தோட்ட அலுவலருக்கும், பயிரைப் பன்றியிடமிருந்து காக்க வேண்டிய நிலக்கிழாருக்கும் வாய்த்தது .315 ரைஃபிள். பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இந்தியச் சந்தைக்காக அதைச் செய்தது. பின்னர் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் செய்தது. இச்சாப்பூரில் 1791 முதலே வெடிமருந்து ஆலை இருந்தது. அதை நடத்திய ஜான் ஃபார்குவார் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு இங்கிலாந்தின் ஃபான்ட்ஹில் அபி மாளிகையையே விலைக்கு வாங்கினார். அந்த இடத்தில்தான் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை உருவானது. ராணுவத்திற்கு .303 லீ-என்ஃபீல்டைச் செய்தளித்த அதே நுட்பம், அதே போல்ட் அமைப்பு, ஐந்து தோட்டா கொள்ளும் பெட்டி. குழலின் அளவு மட்டும் வேறு.

அந்த அளவு வேறுபட்டதற்குக் காரணம் பொறியியல் அன்று, அச்சம். 1857க்குப் பிறகு ஆங்கிலேய அரசு துப்பாக்கியைக் கண்டு அஞ்சியதை விடவும் தோட்டாவைக் கண்டு அஞ்சியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 முதலான ராணுவ அளவுகள் தனியாருக்கு மறுக்கப்பட்டன. .303உம் அப்படியே. படைமுகாமிலிருந்து களவு போகும் தோட்டா எந்தத் தனியார் துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது என்பதே நோக்கம். ஆகவே ஆஸ்திரிய ராணுவம் 1880களின் இறுதியில் வகுத்துக்கொண்ட 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா தேடி எடுக்கப்பட்டது. 8 மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் 0.315. பெயரின் கதை இவ்வளவுதான்.

அந்த அச்சம் முற்றிலும் கற்பனை என்றும் சொல்வதற்கில்லை. 1914 ஆகஸ்ட் 26 அன்று, டல்ஹௌசி சதுக்கத்தை ஒட்டியிருந்த ராடா நிறுவனத்திற்குச் சுங்கச் சாவடியிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கில் பத்துப் பெட்டிகள் காணாமற் போயின. அவற்றில் இருந்தவை 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். அந்நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்ரீஷ் சந்திர மித்ரா அவற்றைப் புரட்சியாளர்களிடம் சேர்ப்பித்தார். மறு ஆண்டு பாலசோர் அருகே பாகா ஜதீன் இறுதிப் போர் புரிந்தது மௌசர்களைக் கொண்டுதான். பாலிகஞ்சிலிருந்து தெற்கே செல்லும் ரயில் இன்று அவர் பெயர் கொண்ட நிலையத்தில் நின்று செல்கிறது.

மலிவான .315 குறி தவறும் என்ற பேச்சு வேட்டைக்காரரிடையே நெடுங்காலம் நிலவிற்று. அதன் குறைகளுள் சில வடிவமைப்பிலேயே இருந்தன. லீ வகைத் துப்பாக்கியின் மரக்கட்டை இரண்டு துண்டாலானது. தோளில் பதியும் பின்கட்டை வேறு. குழலைத் தாங்கும் முன்கட்டை வேறு. சுடும்போது உலோகப் பகுதி பின்னோக்கி உதைக்கும் விசையை முன்கட்டையின் இரு சிறு முகங்கள் தாங்குகின்றன. மரம் சுருங்கி அம்முகங்களில் ஒன்று விலகினாலும் உதை ஒருபக்கமாக விழும். ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு இடத்திற்குப் போகும். வங்காளத்தின் ஆடி ஆவணி மழையில் ஊறி, தை மாசியில் காயும் கட்டைக்கு இது ஆண்டுதோறும் நேர்வது. இச்சாப்பூர் தொழிலாளர்கள் இதை அறிந்திருந்தனர். முன்கட்டை பிளவாதிருக்கத் தோட்டாப் பெட்டிக்கு முன்னால் குறுக்கே ஒரு திருகாணியை முடுக்கினர். பழந்துப்பாக்கி சேகரிப்போர் உலகெங்கும் அதை 'இச்சாப்பூர் திருகாணி' என்றே இன்றும் அழைக்கின்றனர். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களுக்கு வாய்த்த நினைவுச்சின்னம் அது ஒன்றே.

இக்குறையை மனிதக் கை எந்த அளவிற்குத் திருத்த முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் பிஸ்லி திடல் சான்று. அங்கே ஃபுல்டன் குடும்பத்தார் சாதாரண ராணுவ லீ-என்ஃபீல்டை வாங்கி, முன்கட்டை உலோகத்தோடு எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கி, திருத்தியதற்கு அடையாளமாகத் தம் பெயரைப் பொறித்துக் கொடுத்தனர். அக்குடும்பத்தின் ஏ.ஜி. ஃபுல்டன் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில் மன்னர் பரிசை வென்றார். ஒரே வடிவத் துப்பாக்கி பிஸ்லியில் பரிசு வென்றது. வங்கக் காட்டில் பன்றியைத் தவறவிட்டது.

கொல்கத்தா வீட்டில் உரிமையாளர் செய்ய முடிந்தவை எளியவை. முதலாவது வெந்நீர். அக்காலத் தோட்டாக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் ஒருவகை உப்புக் குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்; ஓரிரவில் குழலின் உள்ளே துரு பூத்துவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். ஆதலால் வேட்டையிலிருந்து திரும்பியதும், களைப்பைப் பாராமல், அடுப்பில் நீரைக் கொதிக்கவைத்துக் குழலுக்குள் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து உலர்த்தி, பிறகே எண்ணெய் பூச வேண்டும். குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டப்பட்ட பள்ளங்கள்தாம் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. அவற்றைத் துரு அரித்தபின் எந்தக் கைவினைஞராலும் குறியை மீட்க முடியாது. பல .315 துப்பாக்கிகளைக் கெடுத்தது தொழிற்சாலை என்பதைவிட, அந்த ஒரு கெண்டி வெந்நீரை ஊற்றாத சோம்பல் எனலாம்.

இரண்டாவது, முன்குறியை நகர்த்திச் சரிபார்ப்பது. ராணுவத் துப்பாக்கியின் குறி நூற்றுக்கணக்கான கெஜத் தொலைவை எண்ணி அமைந்தது. காட்டிலோ ஐம்பது அறுபது கெஜத்தில் சுடுவதே பெரும்பான்மை. மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, காகித இலக்கில் ஐந்து குண்டு சுட்டு, அவை விழுந்த இடத்தைப் பார்த்து முன்குறியை இம்மி இம்மியாகத் தள்ள வேண்டும். மூன்றாவது, திருகாணிகள் தளராமல் பார்ப்பதும் ஒரே தொகுதியைச் சேர்ந்த தோட்டாக்களை வாங்கி வைப்பதும். 244 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள குண்டு அது. தொகுதிக்குத் தொகுதி மருந்தின் ஆற்றல் சற்று மாறினாலும் குண்டு விழும் உயரம் மாறும். விசையை மென்மையாக்குவதும் முன்கட்டையைச் செதுக்குவதும் கைதேர்ந்தவர் பணி. அதற்கு டல்ஹௌசிப் பக்கம் இருந்த துப்பாக்கிக் கடைகளின் மிஸ்திரிகளை நாடினர்.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் தோட்டாவைச் செலவழித்தாலன்றி நடவா. உரிமத்திலோ ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று எழுதப்பட்டிருந்தது. இலக்கில் சுட்டுப் பழகினால் வேட்டைக்கு மிஞ்சாது. வேட்டைக்குச் சேமித்தால் துப்பாக்கி எங்கே சுடுகிறது என்றே தெரியாது. மேல்நாட்டார் சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மீண்டும் நிரப்பித் தம் துப்பாக்கிக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடித்துக்கொள்கின்றனர். இந்தியாவில் தோட்டா செய்வதற்கும் உரிமம் வேண்டும். பிஸ்லிக்கும் பாலிகஞ்சுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை இங்கேதான் தேட வேண்டும். .315இன் குறியைக் கெடுத்தவற்றுள் மரத்துக்கும் மழைக்கும் பங்கு உண்டு. பெரும்பங்கு, அதன் அளவைத் தேர்ந்த அதே அச்சத்திற்கு உரியது.

இதன் விலையைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அல்லர். குமாவுன் மலைப்பகுதியில் 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. ஒன்று பாதியாகவும் மற்றொன்று எலும்பு வரையிலும். அது பழைய துப்பாக்கிக் காயம் என்றும், இயற்கையான இரையைக் கொல்ல இயலாமற் போனதால்தான் அது மனிதரை நாடியது என்றும் கார்பெட் முடிவு செய்தார். யாரோ ஒருவர் எங்கோ சுட்ட, இலக்குத் தவறிய ஒரு குண்டு. அதே வேட்டையின் முடிவில் இன்னொரு தவறும் நிகழ்ந்தது. தம் தோட்டாக்கள் தீர்ந்துபோகவே தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி, இருபதடித் தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார் கார்பெட். குண்டு முன்னங்காலில் பட்டது. அந்தத் துப்பாக்கியின் குழலுக்கும் பின்புற அடைப்புக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தது. முந்தைய காயங்களால் புலி ஏற்கெனவே தளர்ந்திராவிட்டால் கார்பெட்டின் நூல்கள் எழுதப்பட்டிருக்கமாட்டா. அந்த வேட்டைக்காக அவருக்குப் பரிசளிக்கப்பட்ட .275 ரிக்பி ரைஃபிளைப் பலரும் அறிவர். தாசில்தாரின் துப்பாக்கியை யாரும் பாதுகாத்ததாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்றும், குழலைக் குறுக்கக் கூடாது என்றும் அது விதித்தது. 1962 சீனப் போருக்குப் பின் ராணுவத் தலைமையை ஏற்றவர் ஜெயந்தநாத் சௌதுரி. அக்காலத்தில் ராணுவம் .303ஐக் கைவிட்டு இச்சாப்பூரில் செய்த 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்கு மாறத் தொடங்கியது. எந்தத் தோட்டாவைக் காக்க .315 உருவாக்கப்பட்டதோ, அந்தத் தோட்டா ராணுவத்தின் முதன்மைத் தோட்டா என்ற நிலையை இழந்தது. ஆயினும் தனியாருக்கான .303 தடை நீங்கவில்லை; .315உம் நிற்கவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தத் துப்பாக்கிக்கு வேட்டை என்ற வேலை பெரிதும் குறைந்து போயிற்று. மறு ஆண்டு சுந்தரவனம் புலிகள் காப்பகமானது.

இன்று அத்தகைய வீடுகளில் எஞ்சியுள்ள .315கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரால் வந்தவை. உரிமையாளர் இறந்தால் வாரிசு உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தாலும் ஒப்படைப்பு உண்டு. அங்கே அது எண் எழுதிய அட்டையோடு, மற்றத் துப்பாக்கிகளோடு சாய்ந்து நிற்கும். மழைக்காலத்தில் அதன் குழலுக்கு வெந்நீர் ஊற்றுவார் இல்லை.