த்ரீ-நாட்-த்ரீயும் ஒரு கெட்டில் வெந்நீரும்

சென்ற முறை நாம் கூடியபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் அடிதடி இல்லை. ரைபிள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டுமா, எண்ணெய்த் துணி மட்டும் போதுமா என்ற சண்டை. ஒரு பக்கம் 1964-இல் சேர்ந்த சிவில் சீனியர். மறு பக்கம் 1981-இல் சேர்ந்த மெக்கானிக்கல் சீனியர். இருவரும் கல்லூரி என்.சி.சி.யில் சுடக் கற்றவர்கள். பிறகு உத்தியோகம், குடும்பம், பிள்ளைகள் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ரைபிள் கிளப் சந்தாவை மட்டும் விடாமல் கட்டி வந்தவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்பா. ஒரு கெட்டில் முழுக்க" என்றார் பெரியவர்.

"இரும்புல தண்ணிய ஊத்தறதா? துரு பிடிக்காதா சார்?" என்றார் சின்னவர். சின்னவருக்கே அறுபது தாண்டிவிட்டது.

விழா மலருக்கு ஏதாவது பழைய வரலாறு எழுது என்று குழுவினர் கேட்டபோது, எனக்கு இந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் இருவர் சொன்னதும் சரி. அவரவர் சுட்ட தோட்டாதான் வேறு. எழுத இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர் சுட்டது த்ரீ-நாட்-த்ரீ. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர், அதுதான் பெயர்க் காரணம். லீ-என்ஃபீல்டு என்ற பெயரில் உள்ள லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். 1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டபோது இதன் பெயர் லீ-மெட்ஃபோர்டு. மெட்ஃபோர்டு ஒரு இன்ஜினியர். கரும்புகை வெடிமருந்தின் கரி அடைக்காமலிருக்க, குழலுக்குள் ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய சுருள் பள்ளங்களை வகுத்தவர். பிறகு புகையில்லாத கார்டைட் வந்தது. அதன் சூட்டில் அந்த மழுங்கிய பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்து போயின. 1895-இல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் செதுக்கிய ஆழமான ஐந்து பள்ளங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன, பெயரும் மாறியது. எரிபொருளை மாற்றினால் சிலிண்டரையும் மாற்ற வேண்டும் என்பது நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

லீயின் போல்ட்டில் பூட்டும் பல் பின்பக்கத்தில் இருக்கும். ஜெர்மன் மௌசரில் முன்பக்கம். முன்பக்கப் பூட்டு பலம் அதிகம். பின்பக்கப் பூட்டில் கை அசைவு குறைவு. பத்துத் தோட்டா மேகசின், குறுகிய போல்ட் ஓட்டம். ஆகவே பயிற்சி பெற்ற சிப்பாயிடம் நிமிடத்துக்கு 15 தோட்டா, அதுவும் குறிபார்த்து, எதிர்பார்க்கப்பட்டது. இதன் 1907-ஆம் ஆண்டு மாடலைத்தான் நம் நாட்டில் இஷாப்பூரில் வண்டி வண்டியாகச் செய்தார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-இல் தொடங்கிய ரைபிள் தொழிற்சாலை அது. பெரியவருக்குக் கொடுத்த ரைபிளில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே 1943 என்று அடித்திருந்ததாம். "என்னைவிட மூணு வருஷம் மூத்தது தம்பி. மரியாதையாத்தான் தூக்குவேன்" என்றார்.

அவர் அதைத் தூக்க நேர்ந்ததற்கும் வரலாறு உண்டு. கல்லூரி மாணவர் கையில் ரைபிள் என்பது 1917-இல் பல்கலைக்கழகப் படைப்பிரிவாக ஆரம்பித்தது. 1920-இல் அது பயிற்சிப் படையானது. குன்ஸ்ரு குழுவின் அறிக்கைக்குப் பின் 1948-இல் சட்டம் போட்டு என்.சி.சி. ஆனது. அதுவரை விரும்பினால் சேரலாம். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் பெரும்பாலும் இதே போல்ட் ரைபிளோடு, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றார்கள். அடுத்த ஆண்டு, 1963-இல், கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயம் என்று உத்தரவு வந்தது. 1968-இல்தான் கட்டாயம் நீங்கியது. "நாங்க பிடிச்சுச் சேரலப்பா, எங்களைப் பிடிச்சுச் சேத்தாங்க" என்பார் பெரியவர். அந்த ஐந்தாண்டு பேட்சில் படித்த யாரைக் கேட்டாலும், பிடித்ததோ இல்லையோ, "சாவ்தான், விஷ்ராம்" மறந்திருக்காது.

சரி, வெந்நீர். அந்தக் காலத் தோட்டாக்களின் பின்புறத்தில் கே, எஃப் என்று இரண்டு எழுத்து இருக்கும். புனே பக்கத்து கிர்க்கியில் செய்தவை. தோட்டாவின் அடியில் ஊசி அடித்ததும் பற்றிக்கொள்ளும் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்பின் பங்காளி. குழலுக்குள் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, அதன்மேல் போர்வை போர்த்தும், அவ்வளவுதான். கீழே துரு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். தண்ணீர்தான் கரைக்கும், கொதிக்கும் நீராக இருந்தால் குழலும் சூடாகி, மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடும். பிறகு புல்-த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்து, கடைசியாக எண்ணெய். கேம்ப்பில் சமையல் கொட்டகைக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியது பெரியவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சாயா போடத்தான் வெந்நீர் கேக்கறான்னு சமையல்காரர் திட்டுவார்."

சின்னவர் அதிகம் சுட்டது பாயிண்ட் டூ டூ. அந்தத் தோட்டாக்களில் உப்பு மிஞ்சாத கலவை வந்துவிட்டது. அதற்கு எண்ணெய்த் துணி போதும். அதிகம் தேய்த்தால்தான் குழல் கெடும். இதை நான் விளக்கியபின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்ப நாற்பது வருஷமா இவன் சொல்றது தப்பில்லையா?" என்றார் பெரியவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பெரியவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். த்ரீ-நாட்-த்ரீயின் சத்தம் காதருகே 150 டெசிபலுக்கு மேல். அந்நாளில் காதடைப்பான் கிடையாது. பஞ்சு வைத்தவனைக் கோழை என்று கேலி செய்தார்கள். அவருக்கு வலது கைப் பழக்கம். ரைபிளை வலது தோளில் வைத்துத் தலை சாய்க்கும்போது இடது காதுதான் குழல் வாய்க்கு நேராக இருக்கும். அந்த இடது காதில் இப்போது ராத்திரி பகல் ஒரு ரீங்காரம். போனைக்கூட வலது காதில்தான் வைப்பார். இளைய மாணவர்கள் அவரிடம் கேட்டால் முதலில் சொல்வது குறிபார்ப்பது பற்றி அல்ல: "காதை மூடுடா. போனா வராது."

இனி என் கதை. நான் சேர்ந்தபோது த்ரீ-நாட்-த்ரீ அணிவகுப்புக்கு மட்டும்தான், சுடுவதற்கு.22. இந்தக் குட்டித் தோட்டாவுக்குத் தனித் தொப்பி கிடையாது. அடிவிளிம்பின் மடிப்புக்குள் பற்றும் கலவையைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். ஊசி விளிம்பில் அடிக்கும். அந்த இடத்தில் கலவை குறைவாக இருந்தால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. மறுபடி அடித்தால் பல சமயம் வெடித்துவிடும்.

இரண்டாம் ஆண்டு, மலையடிவார ரேஞ்ச், ஆளுக்கு ஐந்து தோட்டா, 25 மீட்டர். நான்கு வெடித்தது. ஐந்தாவது 'டிக்'. எனக்கு எண்ணிக்கை தவறியிருந்தது. ஐந்தும் முடிந்தது, காலி அறையில் அடித்த சத்தம் என்று நினைத்துவிட்டேன். "காலி கர்" என்று உஸ்தாத் குரல் கொடுத்தார். போல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். நான் அரைகுறையாக இழுத்து, உள்ளே பார்க்காமலே, அவர் என்னிடம் வந்து சேருமுன் தள்ளி மூடிவிட்டேன். தோட்டா வெளியே வரவில்லை. ஊசி மட்டும் மறுபடி ஏறி நின்றது. எனக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டவன், என் அறைத் தோழன், தன் கார்டைப் பார்க்கும் அவசரத்தில் உத்தரவுக்கு முன்பே எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டான். நான் விசையை அழுத்தினேன்.

அவன் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் தெறித்தது.

யாரும் கத்தவில்லை. உஸ்தாத் வந்து ரைபிளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, போல்ட்டை முழுக்கத் திறந்து, சுண்டு விரலை அறைக்குள் விட்டுப் பார்த்தார். அன்று மாலைவரை நான்தான் எல்லா ரைபிளையும் துடைத்தேன், ஒவ்வொன்றிலும் விரலை விட்டுக் காட்டினேன். அறைத் தோழன் இரண்டு கார்டையும் கழற்றி வந்து, என்னுடையதை ஒன்றும் பேசாமல் கட்டில்மேல் வைத்தான். அப்புறம் இரண்டு வருடம் ஒரே அறையில்தான் இருந்தோம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசியதில்லை. இந்த வருடம் அவனும் வருகிறான் என்று கேள்வி.

வராந்தாவில் அன்று இதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். பெரியவரும் சின்னவரும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எழுத அனுமதி இல்லை. ஆனால் அவர்கள் வழக்கம் இரண்டும் ஒன்றே. 'டிக்' என்றால் குழல் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் அசையாமல் இரு. சில தோட்டா தாமதமாக வெடிக்கும். பிறகு போல்ட்டை முழுக்க இழு. கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால், கொடுத்தவர் பார்த்திருந்தாலும், வாங்குபவர் மறுபடி பார்க்க வேண்டும். கொடுப்பவர் அப்பாவாக இருந்தாலும் சரி.

சுடும் கலையைப் பற்றி அவர்கள் சொன்னதில் என் இன்ஜினியர் புத்திக்குப் பிடித்தது ஒன்று. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி சுமார் அரை மீட்டர். அங்கே முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் 50 மில்லிமீட்டர் விலகும். ஆகவே கண் கூர்மையாகப் பார்க்க வேண்டியது முன் குறியை. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். புதியவர்கள் எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். விசையை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்ல அழுத்த வேண்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, எட்டுப் பத்து நொடிக்குள் முடியவில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். டிரில் ரைபிளின் குழல் முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகினாராம் சின்னவர், ஹாஸ்டலில் மற்றவர்கள் சீட்டாடிய நேரத்தில்.

1996 பேட்ச் அக்கா ஒருவர் ஏர் ரைபிள் சுடுகிறார். பத்து மீட்டர் தள்ளி, பத்துப் புள்ளி தரும் இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி முறை 10.8 அடித்துத் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்த ஆட்டத்தில்தான். இன்று தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு அவர் காட்டும் வழி இதுவே. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் 2016 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம்.

மற்றதெல்லாம் 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வரும். அதற்கு முந்தைய 1878 சட்டம், நம் தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட அதே லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. வெள்ளைக்காரருக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டிவரும். பெரியவர் ஒவ்வொரு முறையும் ரசீதை லேமினேட் செய்து வைக்கிறார்.

சங்க அறையில் இந்த ஆண்டு ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய டார்கெட் கார்டு, கேம்ப் புகைப்படம், 'பி', 'சி' சான்றிதழ் நகல் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஞாபகார்த்தமாக வைத்திருக்கும் தோட்டாவையோ காலிக் கூட்டையோ மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. பெரியவர் தன் கார்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னுடையதும் வரும். அதில் நான்கு ஓட்டைதான் இருக்கும்.