மந்தையைக் கூட்டியவர்கள்

தூத்துக்குடி, நாசரேத், சாயர்புரம் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை 'ஐயர்' என்பார்கள். அவர் மனைவி 'ஐயரம்மா'. ஐயரம்மா தலையில் யாரும் கைவைத்துப் பட்டம் கொடுத்ததில்லை. ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவது அவர், நோயாளி வீட்டுக்கு முதலில் போவது அவர், புருஷன் அடிக்கிறான் என்று ராத்திரி ஓடிவரும் பெண்ணுக்குக் கதவு திறப்பதும் அவர்தான். "ஐயரம்மாகிட்ட சொல்லிட்டேன், அவங்க பாத்துக்கிடுவாங்க" என்று ஊரே நிம்மதியாகத் தூங்கப் போகும்.

ஒரு பெண்ணே குருவானவராக வந்தால் அவரை என்னவென்று கூப்பிடுவது? 'ஐயரம்மா'வை ஏற்கெனவே இன்னொருத்தருக்குக் கொடுத்தாயிற்று. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சொல் இல்லாமல் போனதற்குப் பின்னால் இந்தக் கரையின் ஐந்நூறு வருஷக் கதை இருக்கிறது.

1542 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது பரதவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1530-களில் முத்துச் சலாபத்தின் மேல் நடந்த உரிமைச் சண்டையில், போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி ஊர் ஊராக மாறியவர்கள் அவர்கள். ஜெபம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. மணப்பாடு, புன்னைக்காயல், வேம்பார் என்று கரை நெடுக ஊர்கள், சவேரியாரோ ஒருத்தர். அவர் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை வைத்தார். பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் வேலை. சம்பளத்துக்குப் பணம்? பரதவர்கள் கட்டிய வரியில் ஒரு பகுதி போர்ச்சுக்கல் ராணி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் செருப்புக் காசைத்தான் சவேரியார் ராணியிடம் எழுதிக் கேட்டு, இந்த வேலைக்குத் திருப்பினார்.

ராணி காசு கொடுக்கலாம்; கணக்கப்பிள்ளை ஆண்தான். சனிக்கிழமை பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் என்று கோயிலுக்கு வரும் நாள் பிரிக்கப்பட்டது. சாராயம் குடித்து மாட்டிக்கொள்ளும் பெண்ணை மூன்று நாள் அடைத்துவைக்கச் சொல்லும் உத்தரவும் சவேரியாரின் கடிதங்களில் இருக்கிறது. பெண்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணக்கப்பிள்ளைக்கும் குருப்பட்டம் கிடையாது. பட்டம் இல்லாத ஓர் ஆள் அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய சட்டம். ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும் கொடுக்கலாம் என்று 1439-லேயே புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை சொல்லிவிட்டது. ஆபத்து நேரத்தில் பெண்ணின் கை போதும். ஆபத்து இல்லாத நாளில் போதாது.

இருநூறு வருஷம் கழித்து, கடலிலிருந்து உள்ளே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பாளையங்கோட்டையில் இந்தக் கணக்கு தலைகீழானது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை ஒருவர் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவ உபதேசத்தை அவரிடமே கற்றுக்கொண்டு, சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். கல்யாணம் இல்லாத வாழ்க்கை என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர். பின்னாளில் அ. மாதவையா 1915-ல் ஆங்கில நாவலாக எழுதியது இவர் கதையைத்தான்.

மறுக்கப்பட்டுக் காத்திருந்த காலத்திலும் அதன் பிறகும் கிளாரிந்தா சும்மா இருக்கவில்லை. ஆட்களைச் சேர்த்தார், பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லவைத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அவர் எழுப்பிய சிறு கோயிலை 1785-ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. அவர் வேண்டிக் கேட்டதன் பேரில் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் உபதேசியாராக வந்தார். 1790-ல் குருப்பட்டமும் பெற்றார். அந்தச் சிறு சபையிலிருந்துதான் 1799-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டில், முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் வரை போனது திருநெல்வேலித் திருச்சபை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கிளாரிந்தா புரவலர், மேய்ப்பர் அல்ல. பட்டம் பெற்ற ஆண் வேண்டுமென்று அவரே போய்க் கேட்டாரே என்பார்கள். இன்னும் ஆழமாக, பலிபீடத்தில் நிற்பவர் தன் திறமையால் நிற்பதில்லை, அது கொடுக்கப்படுவது, உழைத்துச் சம்பாதிப்பது அல்ல என்பார்கள். இரண்டாவது வாதம் லேசானதல்ல. நன்றாகப் பேசுகிறவர், பணம் உள்ளவர் கையிலெல்லாம் சபை போய்விடாமல் காப்பாற்றுவது அதுதான்.

ஆனால் முதல் வாதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். சபைக்கு இன்னது குறைகிறது என்று கண்டவர் யார்? ஆளை வரவழைத்தவர் யார்? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு, இன்று பேராயர் என்று சொல்லும் பொறுப்புக்கு வைத்த சொல் 'கண்காணி'. தோட்டத்துக் கங்காணி என்று சொல்கிறோமே, அதே சொல்தான். மந்தையின் மேல் கண்ணை வைத்திருப்பவர் என்று அர்த்தம். 1780-ல் பாளையங்கோட்டையில் அந்தக் கண் யாருடையது? கையொப்பமிடும் உரிமை மட்டும் வேறொருவரிடம் இருந்தது.

பிறகு வந்த காலமெல்லாம் இந்தப் பிரிவினையின் மேல்தான் ஓடியது. மிஷனரிகள் நுழைய முடியாத அடுப்பங்கரைகளுக்குள் வேதத்தைக் கொண்டுபோனவர்கள் சம்பளம் குறைந்த வேதாகமப் பெண்கள். டோனாவூரில் 1901 முதல் அரை நூற்றாண்டு ஆமி கார்மைக்கேல் ஒரு முழு சமூகத்தையே நடத்தினார். ஆண் டாக்டர்களும் அவர் தலைமையின் கீழ் வேலை செய்தார்கள். கூப்பிட்ட பெயர் 'அம்மா'. பெண் தலைமைக்கு நம்மிடம் எப்போதும் ஒரே உறவுமுறைதான் கையிருப்பு. அம்மாவுக்குச் சம்பள உயர்வு கேட்க வேண்டியதில்லை, ஆலோசனைக் கூட்டத்தில் ஓட்டு வேண்டியதில்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 1947-ல் உருவான சி.எஸ்.ஐ. 1970-களில் பெண்களுக்குக் குருப்பட்டக் கதவைத் திறந்தது. 2013-ல் ஆந்திரத்தின் நந்தியாலில் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயர் ஆனார். கத்தோலிக்கத்தில் பெண் குருத்துவம் இல்லை என்று 1994-ல் இரண்டாம் ஜான் பால் அறுதியிட்டார். அதே திருச்சபையில் 2021-ல் பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்தார். வேதியர் பணியையும் சடங்கோடு கொடுக்கும் திருப்பணியாக ஆக்கி, அதில் பெண்களையும் சேர்த்தார். சவேரியார் செருப்புக் காசில் நிறுத்திய கணக்கப்பிள்ளையின் வேலைக்குக் கிட்டத்தட்ட 480 வருஷம் கழித்து வந்த அங்கீகாரம் அது. கடற்கரை அன்பியங்களில் பெண்கள் ஜெபம் நடத்துவது அதற்கு முன்பே பழக்கமாகிவிட்டது.

ஆகவே பெண்ணுக்கு மேய்ப்புத் தகுதி உண்டா என்ற கேள்வி இந்தக் கரையில் காலம் கடந்தது. மந்தையைக் கூட்டுகிறவர் ஒருவர், அதைப் பற்றி முடிவெடுக்கிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்கு என்ன நியாயம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பட்டம் கொடுப்பது அதில் பாதி. சேகரக் கமிட்டியில் எத்தனை பெண்கள், பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் பற்றிய தீர்மானத்தில் யார் கையெழுத்து என்பது மறுபாதி. கிளாரிந்தாவின் பெயரை முதலில் எழுதிய அந்த நாற்பது பேர் இறையியல் விவாதம் நடத்தியதாகத் தெரியவில்லை. தங்களை ஒன்றாகக் கூட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதிக்கொண்டார்கள்.