மனவளக்கலை

வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளிய யோகப் பயிற்சி முறை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அறிவுத் திருக்கோயில் அச்சங்கத்தின் தலைமை மையம். உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வு, காயகல்பம் ஆகியவை மனவளக்கலையின் கூறுகள்.

இவற்றில் உழைக்கும் மக்களுக்கு நேரடியாக உதவுவது உடற்பயிற்சியே. கை, கால், மூச்சு, கண் பயிற்சிகள், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று அது நகர்கிறது. உடலை வருத்தும் ஆசனங்கள் இல்லை. திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் இருப்போர் பலர் குனிந்தபடியே மணிக்கணக்கில் ஒரே அசைவைச் செய்கிறவர்கள். அவர்களுக்கு இத்தகைய எளிமை பெரிய வரம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றுள் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் சேர்த்தது.

ஆனால் பட்டாசுத் தொழிலில் வெடிமருந்துத்தூள் மூச்சில் ஏறுவதை எந்தப் பயிற்சியும் தடுக்காது; முகக்கவசமும் காற்றோட்டமும் முதலாளியின் கடமை. உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கபாலபதி செய்ய வேண்டாம்.